நாற்பத்தேழாம் நம்பர் பாப்பா

அந்தக் குடியிருப்பின் நாலு மாடியிலும் டப்பாவைப் போல ஒரு புருஷன் கிடையாது என்று பேச்சு. பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு டயப்பரைக்கூடப் பெண்டாட்டி கையால் மாற்ற விட்டதில்லை. பிள்ளை முகத்தைச் சுளித்தால் போதும், ஆள் ஓடி வந்துவிடுவான். துடைப்பான், கழுவுவான், களிம்பு தடவுவான், பழையதைச் சுருட்டிப் பையில் போட்டு, "நான் ஆபீஸ் போற வழியில போட்டுடறேன்" என்று தானே எடுத்துக்கொண்டு கிளம்புவான். எதிர்வீட்டுக்காரி தன் புருஷனை வாசலுக்கு இழுத்து வந்து, "பாரு, மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று காட்டினாள். அன்றிலிருந்து அந்த மனிதர் டப்பாவைப் படிக்கட்டில் கண்டால் முகம் கொடுப்பதில்லை.

பாவம், அவருக்கு ஒரு ஆறுதல் சொல்லியாக வேண்டும். டப்பா கொண்டுபோன டயப்பர்களில் மூன்று மட்டும் குப்பைக்குப் போகவில்லை. அந்த மூன்றுக்காகத்தான் மற்ற இருநூறையும் மாற்றினான். மூன்று நாள் மட்டும் ஆசையாக ஓடி வந்தால் சந்தேகம் வருமே என்று தினமும் ஓடி வந்தான். நல்ல புருஷன் என்று ஊரில் பேர் வாங்க எத்தனையோ வழி இருக்கிறது. இவன் வாங்கியது இப்படி.

டப்பா என்பது வேலையால் வந்த பெயர். ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "சாம்பிள் செக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவான். நாம் எதற்கு மூடி மறைக்க வேண்டும்? பீ வாங்குகிற வேலை. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய், மூடியோடு சின்ன ஸ்பூன் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுப்பான். அம்மாக்காரி அதில் ஒரு ஸ்பூன் எடுத்து வைத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, நம்பர் ஒட்டி, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் அடுக்குவான். அந்த ஃப்ரீசரை அவன் அளவுக்கு மரியாதையாகத் திறக்கிற ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

ஆராய்ச்சி என்னவென்றால், நார்மலாகப் பிறந்த குழந்தையின் குடலில் முதல் மாதத்தில் குடியேறுகிற கிருமிகளும், சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலில் குடியேறுகிற கிருமிகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பது. இரண்டு கட்சி, கட்சிக்கு முப்பது குழந்தைகள். நாலாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் மூன்று தடவை வாங்க வேண்டும். நார்மல் குழந்தைகளின் குடலில் பாக்டீராய்டிஸ் என்று ஒரு கிருமி சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிடும். சிசேரியன் குழந்தைகளிடம் பெரும்பாலும் அது இருக்காது. அதற்குப் பதில் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியிலும் ஆட்கள் கையிலும் திரிகிற கிருமிகள் இடம் பிடித்திருக்கும். பின்னாளில் இளைப்பு, ஒவ்வாமை வர இதுவும் ஒரு காரணமோ என்று படித்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குத்தானே மனுஷன் அதிகமாகப் பயப்படுகிறான்.

டப்பாவின் மனைவி ஒரு பெரிய துணிக்கடையில் கட்டிங் மாஸ்டர். அவளுக்குக் கீழே ஆறு தையல் மெஷின். கடையில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், கேலியாக ஆரம்பித்து வீட்டிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. பிரசவத்துக்குப் போனபோது மாஸ்டருக்குப் பத்தொன்பது மணி நேரம் வலி. கடைசியில், நடுப்பகலில், குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார், டப்பா கையெழுத்துப் போட்டான், இருபது நிமிஷத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் தன் வயிற்றுத் தையலைக் கண்ணாடியில் பார்த்த மாஸ்டர், "இதப் போட்டவர எங்க கடைல ஒரு நாள் கூட வச்சுக்க மாட்டேன்" என்றாள்.

பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு அவள் தலைமாட்டில்தான் அன்றைக்கு நின்றிருந்தான் டப்பா. குழந்தையைத் தூக்கினார்கள். அவன் மனதில் முதலில் வந்த நினைப்பு என்ன என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. "என்ன யோசிக்கற?" என்று அரை மயக்கத்தில் மாஸ்டர் கேட்டாள். "ஒண்ணுமில்ல, பாப்பா நல்லா இருக்கா" என்றான்.

ஏழாம் நாள் மாஸ்டரின் அக்கா பார்க்க வந்தாள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் நார்மல். அந்தப் பெருமையைப் பதினொரு வருஷமாக அவள் கீழே இறக்கி வைக்கவில்லை.

"எனக்கெல்லாம் ரெண்டும் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. பெரியவன் வரும்போது நர்ஸ் கையுறை கூடப் போட்டு முடிக்கல. இவளுக்குத்தான் சின்ன வயசுலேர்ந்தே பொறுமை கெடையாதே. இன்னும் ஒரு மணி நேரம் முக்கியிருந்தா தானா வந்திருக்கும்."

ஆறு மெஷின்காரர்களை ஒரே பார்வையில் நடுங்க வைக்கிறவள், தலையணை உறையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நார்மல்ல பொறக்கற புள்ளைங்களுக்கு நல்ல கிருமி எப்படி வருதுன்னு தெரியுமா?" என்றான்.

"எப்படி தம்பி?" அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"முக்கும்போது அம்மா கொஞ்சம் ஆய் போயிடுவாங்க. நெறைய பேருக்கு நடக்கறதுதான், நர்ஸுங்க சத்தமில்லாம தொடச்சிடுவாங்க. புள்ள வெளிய வர்ற நேரத்துல அது வாயில மூக்குல பட்டு உள்ள போகும். அதுதான் புள்ளைக்கு மொதல் சாப்பாடு. உங்க பெரியவன் வந்த வேகத்துக்கு நர்ஸ் தொடைக்க நேரமே இருந்திருக்காது. வயிறு முட்டச் சாப்ட்டிருப்பான்."

அக்கா கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் வைத்தாள். "படிச்சவன் பேசற பேச்சா இது" என்று எழுந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவு சாத்தியதும் மாஸ்டர் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வைக்காத, தையல் இழுக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் வந்து என்ன அளந்து பாத்துட்டுப் போறாங்க. டாக்டர், அக்கா, எதிர்வீட்டுக்காரி, எல்லாரும். நீ ஒருத்தன்தான் அளக்கல. எனக்கு அது போதும்" என்றாள்.

அந்த நேரத்தில் டப்பாவின் ஆபீஸ் பைக்குள், இரண்டு ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவில், பாப்பாவின் ஏழாம் நாள் சாம்பிள் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கோழை.

வேலை பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் நாற்பத்தேழாம் நம்பர் காலியாக இருந்தது. அந்த நம்பர் குழந்தையின் அம்மா பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே வீடு மாறிப் போகிறோம், எங்களை விட்டுவிடுங்கள் என்று டப்பாவுக்குப் போன் பண்ணியிருந்தாள். அதை அவன் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழி, நாற்பத்தேழுக்கு ஒதுக்கியது வெறுமனே கிடக்கிறது. வீணாகப் போகிற குழிதானே, நம் பிள்ளையுடையதைப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள், முடிவைப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று போட்டுவிட்டான். ஒரு விஷயத்தை மட்டும் மறந்தான். நாற்பத்தேழு நார்மல் கட்சி.

முதல் இரண்டு தடவை எடுத்தவற்றின் முடிவு வந்த அன்று, அவன் கணினியைத் திறப்பதற்கு முன்பே அவன் மேடம் திறந்துவிட்டார். ஆராய்ச்சியின் தலைவர் அவர்தான். காலை பதினொரு மணிக்கு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் போனால் திரையில் வரைபடம். வலது பக்கம் நீலப் புள்ளிகள் மொத்தமாகக் குவிந்திருந்தன, அவை நார்மல். இடது பக்கம் ஆரஞ்சுப் புள்ளிகள், அவை சிசேரியன். ஆரஞ்சுக் கூட்டத்துக்கு நட்டநடுவில் ஒரே ஒரு நீலப் புள்ளி.

"நாப்பத்தேழு" என்றார் மேடம். அவர் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை டப்பா ஐந்து வருஷத்தில் கேட்டதில்லை. "நார்மல்ல பொறந்த கொழந்த. பாக்டீராய்டிஸ் ஒரு பொட்டு கூட இல்ல. ஏன் இல்ல? அம்மா மருந்து எதாவது சாப்ட்டாங்களா? ஆஸ்பத்திரில எதாவது ஆச்சா? இது ஒண்ண வச்சே தனியா ஒரு கட்டுரை எழுதலாம். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போறோம். அந்த அம்மாவ நான் நேர்ல பாக்கணும்."

"அவங்க வீடு மாறிட்டாங்க மேடம்" என்றான் டப்பா.

"எப்ப?"

"புள்ள பொறந்த ரெண்டாம் நாளே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நாலாம் நாள் சாம்பிள் யாரு குடுத்தாங்க? ஏழாம் நாள்?"

மனுஷன் பொய் சொல்லப் பழக வேண்டும், இல்லையென்றால் உண்மையோடு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் இப்படித்தான் பேயறைந்த மாதிரி நிற்க வேண்டும். டப்பா எல்லாவற்றையும் சொன்னான். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"ஒரு தாய்க்குத் தெரியாம அவங்க கொழந்தையோட மலத்த எடுத்துட்டு வந்து என் தட்டுல போட்டிருக்கீங்க. திருடினது கேவலம். எதத் திருடினீங்கன்னு வெளிய சொன்னா அதவிடக் கேவலம்." இழுப்பறையிலிருந்து நாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் தள்ளினார். "சம்மதப் படிவம். அவங்க முழுசாப் படிச்சிட்டு, விருப்பம் இருந்தா, இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும். பழைய தேதி போட்டுக் கொண்டு வந்தீங்கன்னா நானே உங்களப் புடிச்சுக் குடுப்பேன். அவங்க கையெழுத்து இருந்தா, விதிய மீறினதா எழுதி ஒரு எச்சரிக்கையோட விடப் பாக்கறேன். இல்லன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பு இல்ல."

டப்பா மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் வேலையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை அதுதான். நீ ஒருத்தன்தான் அளக்கல என்று அவள் சொன்னது மட்டும் காதில் இருந்தது.

மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாப்பாவுக்குச் சட்டை தைக்கச் செய்தித்தாளில் அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா பக்கத்தில் தூங்கியது. அவன் படிவத்தை நீட்டினான். கையெழுத்து மட்டும் போடு என்றால் போடுகிற ஆள் இல்லை அவள். துணி வாங்கிய ரசீதின் பின்பக்கம்கூடப் படிப்பாள். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் 'மலம் சேகரிக்கப்பட்ட நாட்கள்' என்று டப்பா நிரப்பியிருந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"நாலாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள்" என்று வாய்விட்டுப் படித்தாள். "இதுக்குத்தான் டயப்பர் மாத்தினியா?"

"மூணுதான் எடுத்தேன். மத்ததெல்லாம் குப்பைலதான் போட்டேன்."

"மத்தது எதுக்கு மாத்தின?"

"சந்தேகம் வரக் கூடாதுன்னு."

மாஸ்டர் சிரித்துவிடுவாள் என்று ஒரு நொடி நம்பினான் அந்த முட்டாள். அவள் சிரிக்கவில்லை. "கடைல ஆறு பேர்கிட்டயும் சொன்னேன். போன் பண்ணி அக்காகிட்டயும் சொன்னேன், என் புருஷன் மாதிரி உண்டான்னு. எனக்குக் கோவம்கூட வரல. அசிங்கமா இருக்கு."

டப்பா தரையில் உட்கார்ந்தான். நிற்கிற தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத" என்றாள். "அன்னிக்குப் பாப்பாவத் தூக்கினாங்களே, அப்ப மொதல்ல என்ன நெனச்ச?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். காலையில் பட்ட பாடு போதும் என்று இருந்தது. "பாக்டீராய்டிஸ் போச்சேன்னு நெனச்சேன்" என்றான்.

வெகு நேரம் மாஸ்டர் செய்தித்தாள் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "பாப்பா அழல. திரை போட்டிருந்தாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சேன். பதினாலு வரைக்கும் எண்ணினேன். அதுக்கப்புறம்தான் அழுதா. அந்தப் பதினாலும் நீ எங்கூட எண்ணிக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன். உன் கையப் புடிச்சுக்கிட்டுதான இருந்தேன்."

பதினாலு எண்ணும் அளவுக்குக் குழந்தை அழாமல் இருந்ததே டப்பாவுக்குத் தெரியாது. அவ்வளவு நேரமும் அவன் ஃப்ரீசருக்கு முன்னால் நின்றிருந்தான், மனதால்.

"சரி. அதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அந்தக் கிருமி இன்னும் வரல. மொத ரெண்டுலயும் இல்ல. மூணாவது முடிவு நாளைக்கு வரும்."

"வருமா, வரவே வராதா?"

"பெரும்பாலும் வந்துடும். தாய்ப்பால் குடிக்கறா, நாம தூக்கறோம், கொஞ்சறோம், நாளைக்குத் தரைல தவழுவா. ஒரு வருஷத்துல ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களுக்கும் வித்தியாசம் ரொம்பக் கொறஞ்சிடும்."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இப்பத் தெரிஞ்சு என்ன பண்றதா இருந்த?"

டப்பா யோசித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, இல்லாவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. "பயமா இருந்துச்சு" என்றான்.

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லணும். பீகிட்ட போய்க் கேக்கக் கூடாது."

படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மீதியையும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் சம்மதம் என்ற இடத்தில், அன்றைய தேதி போட்டு, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். டப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். நாலாம் பக்கம் விலகல். பங்கேற்பாளர் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், விலகினால் எடுத்த மாதிரிகளும் முடிவுகளும் அழிக்கப்படும் என்று போட்டிருந்தது. அதிலும் அன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். 'காரணம் (விரும்பினால் மட்டும்)' என்று கீழே ஒரு கோடு இருந்தது. அதில் இரண்டு வரி எழுதி, மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க டயப்பரைத் தானே மாற்றினாள், தையலைப் பிடித்துக்கொண்டு குனிந்து.

மறுநாள் காலை மேடம் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் உதட்டை அசைத்து, பிறகு சத்தமாகவே படித்தார். "'பிள்ளையை அவள் அப்பா இன்னும் பார்க்கவில்லை. முதலில் அது நடக்கட்டும்.'" நிமிர்ந்தார். "என் கட்டுரை நேத்தே போச்சு. உங்க வேல மட்டும் தப்பிச்சுது. இவங்க கால்ல விழுந்து கும்பிடுங்க. போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க."

ஃப்ரீசரிலிருந்து மூன்று குப்பிகளையும் எடுத்து, நீராவியில் கிருமி கொல்லும் கலத்தில் போட்டான். முதல் இரண்டு முடிவுகளையும் கணினியிலிருந்து அழித்தான். மூன்றாவது அப்போதுதான் வந்திருந்தது. இருபத்தோராம் நாள். திறக்காத கோப்பு. ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும், யாருக்கும் தெரியப் போவதில்லை. அவன் விரல் அங்கேயே நின்றது. பார்த்துவிட்டு அழித்தாலும் அழித்ததுதானே என்று மனசு பேரம் பேசியது. பாழாய்ப் போன மனசு, அதற்கு வெட்கமே கிடையாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழித்தான். கோப்பின் பெயர்கூடக் கண்ணில் படக் கூடாது என்று, அழித்த பிறகும் கொஞ்ச நேரம் மூடியே இருந்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் பாப்பாவுக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

"மூணாவதப் பாத்தியா?"

"இல்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. பிறகு பாப்பாவைத் தூக்கி அவன் மடியில், முகம் மேலே தெரிகிற மாதிரி வைத்தாள்.

"பாரு" என்றாள்.

டப்பா பார்த்தான். கையில் ஸ்பூனும் இல்லை, மூடியும் இல்லை, கையை எங்கே வைப்பது என்றே முதலில் புரியவில்லை. புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. மூக்கு அவனுடையது, பாவம். உதட்டோரத்தில் பால். இடது காதின் மேல்நுனி, யாரோ புத்தகப் பக்கத்தை மடித்து வைத்த மாதிரி, உள்பக்கமாக மடிந்திருந்தது. விரலால் மெல்ல நிமிர்த்திப் பார்த்தான். விட்டதும் மறுபடி மடிந்துகொண்டது.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"பொறந்ததுலேர்ந்து" என்றாள் மாஸ்டர்.